கஞ்சி வடிக்கத் தோதான பிடிதுணி: வீட்டு மெஷினில் தைத்த அனுபவம்

கடையில் தொங்குகிற பூப்போட்ட பெரிய அடுப்படிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு சோற்றுக் குண்டானை இறக்கிப் பாருங்கள். கை சுடாது. ஆனால் குண்டான் கையில் நிற்காது. அந்தக் கையுறை ஓவனுக்குள்ளிருந்து தட்டை இழுக்கிறவர்களுக்காக வந்தது. அங்கே எடையை உள்ளங்கை வாங்கிக்கொள்ளும். நம் குண்டானுக்கும் தபலாவுக்கும் காதும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. வெளிப்பக்கமாக மடிந்த ஒரு விளிம்பு மட்டும்தான் உண்டு. அதை நாலு விரலும் கட்டைவிரலுமாகக் கவ்வித்தான் தூக்க வேண்டும். அதற்குத் துணி எவ்வளவு மொத்தமாக இருக்கிறது என்பதைவிட, விரலோடு சேர்ந்து மடங்குகிறதா, விளிம்பு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறதா என்பதுதான் முக்கியம்.

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் வடித்த சோறுதான். குக்கர் சோறு குழைந்துபோகும், மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைக்கவும் நன்றாக இருக்காது என்று அம்மா அதைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிற பழக்கமும் விடவில்லை. ஆனால் அவருக்கு இப்போது விரல் மூட்டுகளில் வலி. பிடி முன்புபோல இல்லை. கொதிக்கிற கஞ்சியும் சோறுமாக நிறைந்த குண்டானை மூடி நகராமல் சாய்த்துப் பிடிப்பதைவிட ஆபத்தான வேலை நம் அடுப்படியில் வேறு இல்லை என்பது என் எண்ணம். அதற்கு அவர் கையில் இருந்ததோ அப்பாவின் பழைய லுங்கியில் கிழித்த இரண்டு துண்டு. மடிப்பு நழுவும். வால் தொங்கும். கஞ்சி பட்டதும் ஈரம் ஏறும். அந்த இடத்தில் ஒழுங்கான ஒரு ஜோடி பிடிதுணி தைத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

எவ்வளவு சூட்டுக்குத் தைக்கிறோம்

துணி வெட்டுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் சூடான தண்ணீர் ஐந்து நொடி பட்டாலே தோலில் ஆழமான காயம் ஆகும். 70 டிகிரி என்றால் ஒரு நொடி போதும். கொதிக்கிற கஞ்சி 100 டிகிரி. வெயிட் போட்ட குக்கருக்குள் ஏறக்குறைய 120. வடை சுடுகிற எண்ணெய் 180 பக்கம். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருண்டு ஓடுகிற தோசைக்கல் 200-ஐத் தாண்டியிருக்கும்.

குண்டானின் விளிம்பு உள்ளே இருக்கிற கஞ்சியைவிட அதிகமாகச் சுடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் இருக்கிற உயரம் வரைக்கும் பாத்திரம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அதற்கு மேலே காலியாக இருக்கிற பகுதியை, அடியிலிருந்து பக்கவாட்டில் ஏறி வருகிற தீயின் அனல் நேராகத் தாக்கும். சின்னக் குண்டானைப் பெரிய பர்னரில் வைத்தால் இது இன்னும் மோசம். அதனால் அடுப்பை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டு, பிறகு கைவைப்பது நல்லது. அணைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சூட்டைத் தடுப்பது துணியின் நூல் மட்டும் இல்லை, நூலுக்கு நடுவே சிக்கியிருக்கிற காற்றும்தான். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். துணி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காரும், அதன்பின் எத்தனை மடிப்பு மடித்தாலும் பயன் இல்லை. போதாக்குறைக்கு அந்த ஈரம் சூடான விளிம்பில் பட்டு ஆவியாகி விரல் பக்கம் வரும். ஆவி எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு கிராம் கொதிநீர் நம் உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது 63 கலோரி வெப்பத்தை விடும். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 540 கலோரியை விட்டுவிடும், ஆறுவது அதற்குப் பிறகு. சிங்க்கில் துடைத்த கரித்துணியையே எடுத்துப் பாத்திரம் இறக்குகிற பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றோடு நிறுத்தச் சொல்வேன். துடைக்கிற துணி வேறு, பிடிக்கிற துணி வேறு.

துணி தேர்ந்தெடுத்தது

எங்கள் பகுதியின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் கட் பீஸுக்குக் குறைவில்லை. ஆனால் "சுத்தக் காட்டன்தான் மா" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஓரத்திலிருந்து நாலைந்து நூல் உருவிவந்து வீட்டில் கொளுத்திப் பார்ப்பது என் வழக்கம். எவர்சில்வர் தட்டை அடியில் வைத்து, நூலை இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டினால் போதும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். கம்பளி தயங்கித் தயங்கிக் கருகி, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணைந்துவிடும். பாலியெஸ்டர் தீ கிட்டே வரும்போதே சுருண்டு பின்வாங்கி, உருகிச் சொட்டி, ஆறினதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். அந்த மணியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், இது உருகிய நிலையில் தோலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று.

வீட்டில் கிடந்த ஒரு ரெடிமேட் கையுறையையும் பிரித்துப் பார்த்தேன். மேல் துணி பருத்திதான். உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல் இருந்தது உருகி மணியாயிற்று. பாலியெஸ்டர் உருகுவது 250 டிகிரி சுற்றி. கஞ்சிக்கு அது தாங்கும். அடுப்புத் தீ லேசாக நக்கினாலோ, காய்ந்த இரும்புக்கல்லில் வைத்து அழுத்தினாலோ தாங்காது. வாங்குகிறவர்கள் மேல் துணியை மட்டும் பார்க்காமல் தையல் ஓரத்தில் ஒரு இழை உள்துணியையும் உருவிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். மேலுக்கு லுங்கி, அதுவும் பலவருஷம் துவைத்துக் கஞ்சியெல்லாம் போன பழைய பருத்தி லுங்கி. உள்ளுக்கு நைந்த டர்க்கி டவல் இரண்டு மடிப்பு, நடுவில் பழைய ஆட்டுக் கம்பளி ஒரு மடிப்பு. லுங்கி இல்லாதவர்கள் காடா துணி வாங்கலாம், விலையும் குறைவு. ஆனால் புதுத்துணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அலசிக் காயவைத்து, பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே மேல்துணி சுருங்கி, உள்ளே இருப்பது முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடும். ஜீன்ஸ் நல்ல துணிதான், இழுத்தால் நீளாத பழைய ஜீன்ஸாக இருந்தால். இப்போது வருகிற இழுபடும் ஜீன்ஸில் செயற்கை இழை கலந்திருக்கும். ஸ்பாஞ்ச், ரெக்ஸின், பழைய நைட்டி எதுவும் வேண்டாம்.

ஒரு ஜோடிக்கு மட்டும் காக்கித் துணி போட்டேன். எங்கள் தாத்தா பி அண்ட் சி மில்லில் (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் என்ற துணி ஆலை) வேலை பார்த்தவர். டிரங்குப் பெட்டியில் அவர் காலத்துக் காக்கி டிரில் ஒரு துண்டு இருந்தது. சாய்கோடு சாய்கோடாக நெருக்கி நெய்த அந்தத் துணியில் எண்ணெய் சட்டென்று இறங்காது, தீப்பொறி பட்டாலும் கருகி நிற்கும். மில்லை 1996-இல் மூடிவிட்டார்கள். துணியில் இன்னும் ஒரு இழைகூடப் பிரியவில்லை. அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று பெட்டியிலேயே விட்டுவைக்காமல் அடுப்படிக்குக் கொண்டுவந்ததில் எனக்கு நிறைவு.

வடிக்கிற ஜோடி

இதுதான் முக்கியமான வேலை என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

வடிவம் ஒரு நீள்வட்டம். நீளம் 24 செ.மீ., அகலம் 15 செ.மீ. மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டிக்கொண்டேன். இதை நடுவில் மடித்தால் கை கவ்வுகிற வாய் வடிவம் வரும். மேல் பாதியில் நாலு விரல் நுழைய ஒரு பை, கீழ்ப் பாதியில் கட்டைவிரல் நுழைய ஒரு பை. விரல் பையின் ஆழம் 10 செ.மீ., கட்டைவிரல் பை 7 செ.மீ. நடுவில் மிச்சமிருக்கிற 7 செ.மீ. பையில்லாமல் இருக்கும், மடிப்பு விழுவது அங்கேதான்.

மேல்துணியைத் தையலுக்காகச் சுற்றிலும் 1 செ.மீ. கூட விட்டு வெட்ட வேண்டும். டவலையும் கம்பளியையும் வரைந்த கோட்டிலிருந்து 1 செ.மீ. உள்வாங்கி வெட்ட வேண்டும். இப்படிச் செய்தால் ஓரத்தில் வெறும் லுங்கித் துணி மட்டும் வரும், வீட்டு மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டுக்கு அடியில் திணறாமல் போகும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி அடுக்கினால் ஓரத்தில் ஊசி உடையும். கம்பளியை ஒரே துண்டாக வைக்காமல் இரண்டு துண்டாக வெட்டி, மடிப்பு வருகிற நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டேன். இந்தச் சின்ன இடைவெளி இருப்பதால்தான் இது விரலோடு மடங்குகிறது. டவல் மட்டும் அந்த இடத்திலும் ஓடும். அதனால் மடிப்பில் வெறும் துணி என்ற பயம் இல்லை.

அடுக்குவது இந்த வரிசையில்: பாத்திரத்தில் படுகிற பக்கம் லுங்கி, அதன்மேல் டவல், கம்பளி, இன்னொரு டவல், கடைசியில் மறுபக்கத்து லுங்கி. கையால் பெரிய ஓட்டுத்தையல் போட்டு இதை முதலில் நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு மெஷினில் 18-ஆம் நம்பர் ஊசி, 4 மி.மீ. நீளத் தையல், பருத்தி நூல். கடையில் நூல்கண்டு கேட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சௌகார்பேட்டைப் பக்கம் தையல் சாமான் கடையில் பருத்தி நூல் என்று கேட்டே வாங்கினேன். துணி முழுவதும் பருத்தியாக இருந்து நூல் மட்டும் உருகினால் அடுக்கு பிரிந்துவிடும். அடிநூலுக்கான பாபினிலும் அதே நூலைச் சுற்ற மறக்கக் கூடாது.

உள்ளடுக்கு நகராமல் இருக்கக் குறுக்காகத் தையல் ஓட்டுவோம் இல்லையா, அதை நெருக்கி ஓட்டினால் பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. தையல் ஓடுகிற ஒவ்வொரு கோட்டிலும் அடுக்கு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். சூடு முதலில் விரலுக்கு வருவது அந்தக் கோடு வழியாகத்தான். கோட்டுக்குக் கோடு 4 செ.மீ. விட்டு, சாய்வாக ஓட்டினேன். மொத்தமான இடத்தில் மிதிக்காமல், சக்கரத்தைக் கையாலேயே மெல்லத் திருப்பினால் ஊசி வளையாது.

பைகளுக்கு லுங்கித் துணி இரண்டு மடிப்பு, நடுவில் டவல் ஒரு மடிப்பு. வடிக்கும்போது ஆவி புறங்கையில் அடிக்கும், அதற்காக அந்த ஒரு மடிப்பு. பையின் வாய் ஓரத்தை முதலிலேயே மடித்து அடித்துவிட்டு, நீள்வட்டத்தின் இரண்டு முனையிலும் வைத்து ஓரத்தைச் சேர்த்துத் தைத்தேன். சுற்றிலும் வரும் பட்டியை லுங்கியிலேயே 45 டிகிரி சாய்வில், 4 செ.மீ. அகலத்தில் வெட்ட வேண்டும். நேராக வெட்டிய பட்டி வளைவில் சுருக்கம் விழும், கிராஸ் பட்டி வளைந்து கொடுக்கும். ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் மடித்துக் கைத்தையல். மாட்டுவதற்கு ஒரு காதும் வேண்டும். அதை 3 செ.மீ.க்கு மேல் விடாமல், நடு மடிப்பின் பக்கவாட்டில் வைத்தேன். பிடித்திருக்கும்போது அந்த இடம் மணிக்கட்டுப் பக்கம் வரும், தீக்கு எதிர்த்திசையில் இருக்கும்.

இரண்டையும் ஒரு நீளப் பட்டியால் இணைத்துத் தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி தைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொன்னார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு கைக்கும் நடுவில் தொங்குகிற எந்தத் துணியும் எங்கள் மாதிரி நெருக்கடியான அடுப்படியில் பக்கத்துப் பர்னரில் போய் விழும். இதே காரணத்துக்காகத்தான் முதலிலேயே அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

இனி சோதனை. தோசைக்கல்லைத் தண்ணீர் முத்தாக ஓடுகிற அளவுக்குக் காயவைத்து, அணைத்து, தைத்த துணியை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தினேன். லுங்கியை நாலாக மடித்து வைத்தபோது ஐந்து எண்ணுவதற்குள் கை தானாக விலகியது. தைத்த பிடிதுணியில் முப்பது எண்ணியபோது இளஞ்சூடு தெரிய ஆரம்பித்தது. அதையே தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வைத்தபோது, அவ்வளவு அடுக்கு இருந்தும், லுங்கியின் கதிதான். மேலே சொன்ன காற்றுக் கணக்கைக் கை நேராகப் புரிந்துகொண்டது.

அம்மாவிடம் முதலில் குண்டானில் பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து வடித்துப் பார்க்கச் சொன்னேன். போட்டுக்கொண்டு விளிம்பைப் பிடித்தார், சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார்.

"வெரலாண்ட நல்லா மடங்குது மா. கட்டவெரலுதான் திண்டுனு கீது. மூடி நவுந்தா தெரில பாரு."

அவர் சொன்னது சரி. வடிக்கும்போது கட்டைவிரலுக்கு இருக்கிற வேலை எடை தாங்குவது இல்லை, மூடியை அழுத்துவது. மூடி ஒரு நூல் நகர்ந்தாலும் அது விரலுக்குத் தெரிய வேண்டும். அடுத்த ஜோடியில் கட்டைவிரல் பாதியில் மட்டும் ஒரு மடிப்பு டவலைக் குறைத்தேன், கம்பளியை விட்டுவைத்தேன். அந்த ஜோடிதான் காக்கி ஜோடி. "ஆங், இப்ப தெரிது" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.

வடிக்கிற விதத்தையும் எழுதிவிடுகிறேன், துணி நன்றாக இருந்தும் நிற்கிற விதம் தப்பாக இருந்தால் பயனில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் குண்டானைச் சிங்க்குக்கோ, கீழே வைத்த பாத்திரத்துக்கோ பக்கத்தில் முதலில் இறக்கிவைக்க வேண்டும். மூடியைப் போட்டு, கஞ்சி இறங்க ஒரு விரல் சந்து விட்டு, விரல்கள் விளிம்புக்கு அடியிலும் கட்டைவிரல்கள் மூடிமேலும் வருமாறு இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். சந்து நமக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முதலில் லேசாகச் சாய்த்து ஆவியை வெளியே விட்டு, அது அடங்கினதும் முழுதாகச் சாய்க்க வேண்டும். ஆவி முகத்துக்கும் கைக்கும் வராமல் அந்தப் பக்கமே போய்விடும்.

மற்ற சாமான்கள்

மூடி திறக்க, குக்கரின் பக்கப்பிடியைத் தொட, டபரா எடுக்க 18 செ.மீ. சதுரத்தில் சில துண்டு தைத்தேன். கம்பளி தேவையில்லை, டவல் இரண்டு மடிப்பே போதும். இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை, ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. இரும்பு தோசைக்கல்லின் கம்பிப் பிடிக்கு உறைமாதிரி ஒன்றும் தைத்தேன். கல் அடுப்பில் இருக்கிற நேரம் முழுக்க அதை மாட்டியே வைத்திருக்கக் கூடாது. இறக்கும்போது மாட்ட வேண்டும், இறக்கினதும் கழற்ற வேண்டும்.

பால் பாத்திரத்துக்கும் ஒன்றரை லிட்டருக்கு உட்பட்ட சின்னக் குண்டானுக்கும் துணியைவிட இடுக்கிதான் நல்லது. சௌகார்பேட்டைப் பாத்திரக் கடைகளில் விதவிதமாக இருக்கும். வாங்கும்போது வீட்டுப் பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். கீழ்த்தாடை விளிம்பின் மடிப்புக்கு அடியில் போய்ச் சரியாக உட்கார வேண்டும். மூடிப் பிடித்தால் இரண்டு தாடையும் முனைவரைக்கும் ஒட்ட வேண்டும். நடு ரிவிட் ஆடினால் அந்த இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், சுத்தியல் போட்டு அடித்துச் சரிசெய்து வைத்துக்கொள்ளக் கூடாது. எடையான பாத்திரத்தை ஒற்றை இடுக்கியில் தூக்கினால் அது திருகிக்கொண்டு கவிழும். அப்படித்தான் தூக்க வேண்டும் என்றால் ஒரு கையில் இடுக்கி, மறுகையில் பிடிதுணி.

மண்சட்டி வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து மீன் வந்தால் எங்கள் வீட்டில் குழம்பு மண்சட்டியில்தான். இடுக்கி பட்டால் வாய் உடையும். சட்டியின் கழுத்து உருண்டையாக இருப்பதால் விளிம்பைக் கவ்வுவதைவிட இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்குவதுதான் வழி. அதற்கு இந்த விரல் பை சரிப்படாது. 20 செ.மீ. சதுரமாக, பை இல்லாமல், கம்பளி வைத்த மொத்தமான துணி இரண்டு வேண்டும். எண்ணெய் மிதந்து வழிகிற குழம்பு என்பதால் சட்டியின் வெளிப்பக்கத்தை முதலில் உலர்ந்த கரித்துணியால் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இறக்கிவைக்க தென்னநார்ப் பிரிமணை. மண்சட்டி இறக்கின பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். சில்லென்ற ஈரமான கல்மேடையில் நேராக வைத்தால் விரிசல் விடும். பிரிமணை கைக்கெட்டுகிற இடத்தில் தயாராக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பாத்திரத்தையும் தூக்கக் கூடாது. தூக்கிவிட்டு இடம் தேடுகிற நேரத்தில்தான் துணி வழியாகச் சூடு ஏறும், கை பதறும்.

சிலிகான் பிடிகளைப் பற்றியும் கேட்பார்கள். பொதுவாக 230 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். ஈரம் ஏறாது, வழுக்காது, இட்லித் தட்டு எடுக்க மிகவும் வசதி. விரைப்பாக இருப்பதால் மெல்லிய விளிம்பைக் கவ்வ எனக்குப் பிடிக்கவில்லை. தீயில் நேராகக் காட்டவும் கூடாது. கைநடுக்கம் உள்ளவர்கள் வீட்டில் இட்லிக்கு மட்டும் ஒரு ஜோடி வாங்கி வைக்கலாம்.

முந்தானையைச் சுருட்டிப் பிடித்துப் பாத்திரம் இறக்குகிறவர்களை நினைத்தால் மட்டும் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இப்போது வீட்டில் கட்டுகிற சேலை பெரும்பாலும் செயற்கை இழை. ஒரு முனை கையிலும் மறுமுனை உடம்பிலும் இருக்கிறது. தீ பிடித்தால் உதறிப் போட வழியே இல்லை. துப்பட்டாவும் அப்படியே. பிடிதுணி கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தால் யாரும் முந்தானையைத் தேட மாட்டார்கள். அதனால்தான் அடுப்புக்கு வலதுபக்கச் சுவரில், தீயிலிருந்து ஒரு முழம் தள்ளி, கண் மட்டத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். டிராயருக்குள் மடித்து வைக்கிற பிடிதுணி அவசரத்துக்கு வராது.

அப்படியும் சுட்டுவிட்டால், உடனே குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்ற வேண்டும். பற்பசை, மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் கூடாது. உள்ளங்கையைவிடப் பெரிய காயமோ, முகமோ, தோல் வெளுத்துப் போனதோ இருந்தால் தண்ணீரில் காட்டிய கையோடு ஆஸ்பத்திரிதான்.

துவைத்து வைப்பது

எண்ணெய் ஊறின பிடிதுணி விளக்குத் திரி மாதிரி. பார்க்க அழுக்காகத் தெரியாவிட்டாலும் தொட்டால் பிசுக்கென்று இருந்தால் துவைத்தாக வேண்டும். சலவை சோடா ஒரு கரண்டி போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ் போடாமல் கையால் கசக்கினால் எண்ணெய் விட்டுவிடும். கம்பளி வைத்ததை மட்டும் சோடாவில் போடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு அலச வேண்டும். சோடாவும் கொதிநீரும் கம்பளியைச் சுருக்கி இறுக்கிவிடும். இதனாலேயே கம்பளி வைத்த ஜோடியைக் கஞ்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணெய் வேலைக்கு டவல் சதுரங்களை எடுக்கிறோம்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற எங்கள் பகுதியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எதுவுமே காயாது. மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே டவலில் ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அயர்ன் பாக்ஸை வைத்து இரண்டு பக்கமும் அழுத்தி எடுத்துத்தான் ஆணியில் மாட்டுவேன். மழைக்காலத்துக்கென்றே இரண்டாவது ஜோடி அவசியம். ஒன்று கொடியில், ஒன்று சுவரில்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, எங்காவது உள்ளடுக்கு விலகி வெளிச்சம் ஊடுருவினால் அதை ஓரங்கட்டிவிட வேண்டும். கருகின இடம் விரல் படுகிற பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான். ஒட்டுப் போட்டுத் தைக்கலாமே என்று தோன்றும். ஒட்டின் விளிம்பு பாத்திரத்தில் மாட்டி இழுக்கும், ஆகவே வேண்டாம். பைகளையும் பட்டியையும் பிரித்து எடுத்துக்கொண்டு உடல்பகுதியைப் புதிதாக வெட்டித் தைப்பது அதைவிடச் சுலபம்.

பக்கத்து வீட்டு அக்கா இப்போது தன் பிரியாணி டேக்சாவுக்கு ஒரு ஜோடி கேட்டிருக்கிறார். அதன் விளிம்பு அகலம், எடையும் இரண்டு பேர் பிடிக்கிற எடை. அதனால் நீளத்தை 28 செ.மீ., அகலத்தை 18 செ.மீ. ஆக்கி, கட்டைவிரல் பக்கமும் முழு அடுக்கு வைத்து வெட்டியிருக்கிறேன். தம் பிரிக்கிறவர் ஒருவர், இறக்குகிறவர் ஒருவர் என்று பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டி அடிக்க வேண்டும்.